கட்டணம் குறைந்தால் மட்டும் கட்டுப்படியாகாது: தனியார் பள்ளியும் குடியிருப்பும் சேர்ந்து நடத்தும் மழலையர் பள்ளி

வசதி குறைந்த குடியிருப்பு ஒன்றோடு கைகோத்து மழலையர் பள்ளி நடத்தலாம் என்று ஒரு தனியார் பள்ளி முடிவெடுத்ததும் முதலில் பேசப்படுவது கட்டணம்தான். பாதிக் கட்டணம் வாங்குவதா, முழுக்க இலவசமாகவே கொடுத்துவிடுவதா என்று நிர்வாகக் கூட்டம் மணிக்கணக்கில் ஓடும். எத்தனை மணிக்குத் திறப்பது, எத்தனை மணிக்கு மூடுவது என்ற கேள்வி கடைசி ஐந்து நிமிடத்தில் வரும். தங்கள் பெரிய பள்ளியின் நேரமே இதற்கும் இருக்கட்டும் என்று எழுந்துவிடுவார்கள். இந்த முயற்சி சறுக்குவது பெரும்பாலும் அந்த ஐந்து நிமிடத்தில்தான்.

காலை 9 மணிக்குத் திறந்து 12 மணிக்கு மூடும் பள்ளி, 7 மணிக்கு வேலைக்குக் கிளம்பி மாலை 5 மணிக்குத் திரும்பும் தாய்க்கு இலவசமாகக் கொடுத்தாலும் கட்டுப்படியாகாது. பிள்ளையைக் கொண்டுவந்து விட ஒரு ஆள், நண்பகலில் கூட்டிப்போக ஒரு ஆள் வேண்டும். பல வீடுகளில் அந்த ஆள் எட்டு வயது அக்கா. தம்பி பள்ளிக்குப் போக அக்கா பள்ளியை விடுகிறாள். அதையும் செய்ய மனமில்லாத வீட்டில் பிள்ளை வாரத்தில் இரண்டு நாள் வரும். பதிவேட்டில் 20 பெயர் இருக்கும், பாயில் 11 பிள்ளை இருக்கும். பெற்றோருக்கு அக்கறை இல்லை என்று நிர்வாகம் எழுதி வைத்துக்கொள்ளும். அது தவறான முடிவு. அந்த வீட்டின் நாள் கணக்கில் நம் பள்ளி பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே ஒரு குடும்பத்துக்கு உண்மையில் ஆகும் செலவைக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். கட்டணம் அதில் ஒரு வரி. வழிச்செலவு, கூட்டிப்போக இழக்கும் அரைநாள் கூலி, சீருடை, ஷூ, பை, தினமும் கட்டிக்கொடுக்க வேண்டிய சிற்றுணவு, பெற்றோர் கூட்டத்துக்காக விடும் ஒரு நாள் வேலை எல்லாம் மற்ற வரிகள். மூன்று வயதுப் பிள்ளைக்குச் சீருடை வேண்டவே வேண்டாம். மாற்றுத்துணி ஒரு ஜோடி பள்ளியிலேயே இருந்தால் போதும். பையும் வேண்டாம், அதில் வைக்க எதுவும் இல்லை. இந்த இரண்டையும் நீக்குவதற்கு நிர்வாகத்துக்கு ஒரு காசு செலவில்லை, ஆனாலும் பல பள்ளிகள் இதில்தான் விட்டுக்கொடுக்க மறுக்கின்றன.

கேட்க வேண்டியது, கேட்கக் கூடாதது

திறப்பதற்கு எட்டு முதல் பத்து மாதம் முன்பே குடியிருப்புக்குள் போய்ப் பேசத் தொடங்க வேண்டும். 40 வீடாவது ஏற வேண்டும், ஒவ்வொரு வீட்டிலும் அரை மணி நேரமாவது உட்கார வேண்டும். "மழலையர் பள்ளி வந்தால் அனுப்புவீர்களா" என்று கேட்கக் கூடாது. வீடு தேடி வந்தவரிடம் எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். அந்த ஆமாமை நம்பி மேசை நாற்காலி வாங்கியவர்கள் உண்டு.

பிள்ளையை இப்போது பகலில் யார் பார்த்துக்கொள்கிறார்கள்? வீட்டில் முதலில் கிளம்புபவர் எத்தனை மணிக்கு, முதலில் திரும்புபவர் எத்தனை மணிக்கு? கையில் பணம் வருவது தினமா, வாரமா, மாதமா? வருடத்தில் எந்த மாதங்களில் வேலை இருக்காது? பிள்ளைக்கு உடம்புக்கு முடியாத நாளில் வேலையை விட்டு வரக்கூடியவர் யார்? இந்த ஐந்துக்குமான பதில்களை ஒரு தாளில் வரிசைப்படுத்தினால் பள்ளியின் நேரம், கட்டணம் வாங்கும் முறை, விடுமுறை மாதம் மூன்றும் தாமாகவே தெரிந்துவிடும். பெரும்பான்மையான வீடுகள் 7 மணிக்குக் கிளம்பும் என்றால் பள்ளி 6.45க்குத் திறந்திருக்க வேண்டும். அதில் பேரம் இல்லை.

இடம் எங்கே என்பதும் இதிலிருந்தே வரும். பெரிய பள்ளியின் வளாகத்தில் காலி அறை இருக்கிறது என்பதற்காகப் பிள்ளைகளை அங்கே வரவழைப்பது நிர்வாகத்துக்கு எளிது. ஆனால் காவலாளியைத் தாண்டி, பெயர் எழுதி, அடையாளம் காட்டி உள்ளே வர வேண்டிய இடத்துக்கு வேலை உடையோடு ஒரு தந்தை தயங்காமல் வரமாட்டார். மரியா மாண்டிசோரி 1907 ஜனவரி 6 அன்று ரோமின் சான் லொரென்சோ பகுதியில் திறந்த முதல் குழந்தைகள் இல்லம், தொழிலாளர் குடியிருந்த அடுக்குக் கட்டடத்தின் உள்ளேயே இருந்தது. வேலைக்குப் போகும் பெற்றோரின் பிள்ளைகளுக்காகத் தொடங்கியது அது. பொறுப்பாசிரியை அதே கட்டடத்தில் குடியிருக்க வேண்டும், தாய்மார் வாரம் ஒருமுறையாவது அவரோடு பேச வேண்டும் என்பது விதி. பெற்றோர் பணம் கட்டத் தேவையில்லை. இன்று மாண்டிசோரி என்ற பெயர் உயர்ந்த கட்டணத்தை நினைவூட்டுகிறது, ஆனால் அந்த முறை பிறந்தது வீட்டுப் படியிலிருந்து சில அடி தூரத்தில். குடியிருப்புக்குள் இரண்டு அறையும், வெயிலும் நிழலும் உள்ள ஒரு முற்றமும் கிடைத்தால் அதையே எடுங்கள்.

அறையில் சாமான்கள் போக ஒரு பிள்ளைக்கு 35 சதுர அடி வெற்றிடம் வேண்டும். 20 பிள்ளைக்கு 700 சதுர அடி. கழிப்பறையும் கைகழுவும் குழாயும் 10 பிள்ளைக்கு ஒன்று. கழிப்பறைக் கதவு பெரியவரின் இடுப்பு உயரத்துக்கு மேல் போகக் கூடாது, உள்ளே இருக்கும் பிள்ளை வெளியே நிற்பவருக்குத் தெரிய வேண்டும்.

நேரத்தை நீட்டினால் வரும் சிக்கல்

பெரும்பாலான வீடுகள் 7.15க்குக் கிளம்பும் குடியிருப்பு என்று வைத்துக்கொள்வோம்: காலை 7 முதல் மாலை 5.30 வரை பத்தரை மணி நேரம். ஓர் ஆசிரியரால் இதைத் தாங்க முடியாது. 20 பிள்ளைக்கு ஓர் ஆசிரியரும் இரண்டு உதவியாளரும் வைத்தால், முதல் உதவியாளர் 7 முதல் 3 வரை, ஆசிரியர் 8 முதல் 4 வரை, இரண்டாம் உதவியாளர் 9.30 முதல் 5.30 வரை என்று ஷிப்ட் பிரியும். 9.30 முதல் 3 வரை மூவரும் இருப்பார்கள், ஏழு பிள்ளைக்கு ஒருவர் என்ற அளவு கிடைக்கும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமும் பொதுச் சுகாதாரச் சங்கமும் சேர்ந்து வகுத்த தர நெறியும் மூன்று வயதுக்கு 7 பேருக்கு ஒருவர், நான்கு ஐந்து வயதுக்கு 8 பேருக்கு ஒருவர் என்றே சொல்கிறது.

இந்த அட்டவணையைத் தாளில் பார்த்தால் அழகாக இருக்கும். 7 முதல் 8 வரையும் 4 முதல் 5.30 வரையும் ஓர் உதவியாளர் தனியாக இருக்கிறார் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பிள்ளைகளோடு எந்தப் பெரியவரும் தனியாக இருக்கக் கூடாது என்பது பாதுகாப்பின் அடிப்படை. ஒரு பிள்ளை வாந்தி எடுத்தால் மற்ற பிள்ளைகளைப் பார்க்க ஆள் வேண்டும். அந்த இரண்டரை மணி நேரத்துக்குப் பெரிய பள்ளி தன் ஊழியரை முறைவைத்து அனுப்ப வேண்டும். யார், எந்த நாள் என்று ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். "பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டால் இரண்டாவது மாதத்தில் ஆள் வருவது நின்றுவிடும்.

முழுநாள் என்றால் தூக்கமும் உண்டு. மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளில் பகல் தூக்கம் உட்பட 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் தேவை. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிப் பாய், தனி விரிப்பு, இரண்டு பாய்க்கு நடுவே ஒரு மீட்டர் இடைவெளி, விரிப்பு வாரம் ஒருமுறை துவைப்பு. பாயில் பிள்ளையின் பெயரோடு ஒரு படமும் ஒட்டிவிட்டால் மூன்றாவது வாரத்தில் தன் பாயைத் தானே எடுத்துப் போடும்.

பணக் கணக்கு

நாணயம் இடத்துக்கு இடம் மாறும். எனவே ஆசிரியரின் மாதச் சம்பளத்தை 100 பங்கு என்று வைத்துக்கொள்வோம். உதவியாளர் இருவருக்கு 60 வீதம் 120. யாராவது விடுப்பு எடுக்கும்போது மாற்று ஆளுக்காகச் சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கு, 22. உணவு 50. தாள், வண்ணம், புத்தகம் 12. தண்ணீர், மின்சாரம், துப்புரவு 16. பழுதும் முதலுதவியும் 10. மொத்தம் 330. இருபது பிள்ளைக்குப் பிரித்தால் தலைக்கு 16.5.

இதில் 242 பங்கு ஆள் செலவு. நான்கில் மூன்று பாகத்தை நெருங்குகிறது. வாடகையைச் சேர்க்கவே இல்லை, அதைப் பெரிய பள்ளி ஏற்கும் என்று கொண்டிருக்கிறோம். செலவைக் குறைக்க நிர்வாகம் இரண்டு இடத்தில் கை வைக்கும். ஒன்று, பிள்ளைகளை 30 ஆக்குவது. உணவு 75, தாள் வண்ணம் 18 என்று உயர்ந்தும் தலைக்கு 12 ஆகக் குறையும். பத்துப் பேருக்கு ஒருவர் என்றாகிவிடும், பிறகு அங்கே நடப்பது பேச்சும் விளையாட்டும் அல்ல, அடக்கி உட்காரவைத்தல். இரண்டு, சம்பளத்தைக் குறைப்பது. 100 பங்கு பெற வேண்டியவர் 70க்கு வேலை பார்த்தால் வேறு இடம் கிடைத்ததும் பருவத்தின் நடுவே போய்விடுவார். மூன்று வயதுப் பிள்ளைக்கு ஆசிரியர் என்பவர் ஒரு முகம், ஒரு மடி. அது திடீரென்று காணாமல் போனால் ஒரு மாதத்து வேலை பாழ். பெரிய பள்ளியின் மழலையர் வகுப்பு ஆசிரியருக்கு என்ன சம்பளமோ அதையே இங்கும் கொடுக்க வேண்டும்.

குடும்பங்கள் சராசரியாக 4 பங்கு கொடுக்க முடியும் என்று வைத்தால் 80 வரும். ஏழு வீடு 2 பங்கு, ஆறு வீடு 4, ஏழு வீடு 6 என்று மூன்று படி வைத்தால் இது சரியாக நிற்கும். எந்தப் படி என்பதைக் குடும்பமே சொல்லட்டும், வருமானச் சான்றிதழ் கேட்காதீர்கள். சான்றிதழ் வாங்க ஆகும் அலைச்சலே ஒரு கட்டணம். மீதி 250 பங்கு பெரிய பள்ளியுடையது. அங்கே 400 மாணவர் படித்தால் ஒருவருக்கு 0.63 பங்கு, ஆசிரியர் சம்பளத்தில் ஒரு சதவீதம்கூட இல்லை. இதை வெளிப்படையாகக் கட்டண அட்டவணையில் ஒரு வரியாகப் போடுவதே நல்லது. நன்கொடையை நம்பி நடத்தினால் முதல் ஆண்டு நிரம்பி வழியும், மூன்றாம் ஆண்டு வறண்டுவிடும்.

சம்பளம் 12 மாதம் கொடுக்க வேண்டும், கட்டணம் 10 மாதம்தான் வரும். இதை மறந்து போட்ட பட்ஜெட் முதல் விடுமுறையிலேயே தடுமாறும். அதேபோல இரண்டு பிள்ளைகள் விலகினால் செலவு இரண்டு பிள்ளை அளவுக்குக் குறையாது. உணவில் சிறிது போகும், மற்றது அப்படியே நிற்கும், தலைக்கு 18 பங்கைத் தாண்டிவிடும். அதனால் காத்திருப்போர் பட்டியலில் எப்போதும் மூன்று நான்கு பெயர் இருக்கட்டும்.

கூலி வாரத்துக்கு வந்தால் கட்டணமும் வாரத்துக்கு. வாங்குபவர் ஆசிரியராக இருக்கக் கூடாது. காலையில் பிள்ளையை வாசலில் அணைத்து வாங்குபவரே பாக்கியையும் கேட்டால், பாக்கி உள்ள வாரத்தில் அந்தப் பிள்ளை வராது. பாக்கிச் சீட்டைப் பிள்ளையின் கையில் கொடுத்தனுப்புவதும், சட்டையில் குத்தி அனுப்புவதும் எந்தக் காரணத்துக்காகவும் கூடாது. பெற்றோரும் பள்ளியும் சேர்ந்து அமைக்கும் குழுவின் பொருளாளர் வாரம் ஒரு மாலை உட்கார்ந்து வாங்கி, ரசீது கொடுக்கட்டும். நான்கு வாரம் பாக்கி என்றால் அவரே வீட்டுக்குப் போய் என்ன நடந்தது என்று கேட்டு, படியை இறக்கிப் போடலாம்.

மாலையில் தாமதமாகக் கூட்டிப்போவோருக்கு அபராதம் போடலாம் என்ற யோசனை கட்டாயம் வரும். போடாதீர்கள். ஊரி நீசி, ஆல்டோ ருஸ்டிகினி என்ற இரு பொருளியலாளர்கள் இஸ்ரேலின் ஹைஃபா நகரில் 10 பகல் காப்பகங்களில் இதைச் சோதித்து 2000-ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். ஆறு காப்பகங்களில் அபராதம் வைத்ததும் தாமதம் குறையவில்லை, ஏறக்குறைய இரு மடங்கானது. அபராதத்தை எடுத்த பிறகும் இறங்கவில்லை. காத்திருக்கும் ஆசிரியர்மேல் இருந்த கூச்சம் போய், அந்த நேரத்துக்கு விலை கொடுத்துவிட்டோம் என்ற எண்ணம் வந்துவிட்டது. வசதி குறைந்த வீட்டில் இன்னொன்றும் நடக்கும். அபராதம் கட்ட முடியாத தாய் அடுத்த நாள் பிள்ளையை அனுப்பாமல் நிறுத்திக்கொள்வார். அதற்குப் பதில், கூட்டிப்போக உரிமையுள்ள மூன்று பேரின் பெயரையும் படத்தையும் முதல் நாளே பதிவுசெய்யுங்கள். முதலாமவர் வராவிட்டால் இரண்டாமவருக்கு அழைப்பு. பட்டியலில் இல்லாதவர் தாய்மாமனே ஆனாலும் பிள்ளையைக் கொடுக்கக் கூடாது.

யார் கையில் முடிவு

பள்ளி முடிவெடுத்துக் குடியிருப்புக்குச் சொன்னால் அது தர்மம், கூட்டு அல்ல. ஒன்பது பேர் குழு வைத்தால் ஐந்து பேர் பெற்றோர், இரண்டு பேர் பெரிய பள்ளி, ஓர் ஆசிரியர், குடியிருப்பின் மூத்தவர் ஒருவர். கட்டணம், நேரம், உதவியாளர் நியமனம் மூன்றும் இந்தக் குழுவில்தான் தீர வேண்டும், தாளாளர் அறையில் அல்ல. அமெரிக்காவில் வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்காக 1965-இல் தொடங்கிய ஹெட் ஸ்டார்ட் என்ற அரசுத் திட்டத்திலும் கொள்கைக் குழுவில் பாதிக்கு மேல் பிள்ளைகளின் பெற்றோர் இருக்க வேண்டும் என்பது விதி. கூட்டம் மாலையில், ஒரு மணி நேரத்துக்குள். அந்த நேரத்தில் பிள்ளைகளைப் பார்க்க ஆள் இருக்க வேண்டும். வரவுசெலவை வாய்விட்டு வாசிக்க வேண்டும், தாளைச் சுற்றுக்கு விட்டால் வாசிக்கத் தெரியாதவர் தலையசைத்துவிட்டுப் போய்விடுவார்.

ஒப்பந்தம் குறைந்தது மூன்று ஆண்டுக்கு. பள்ளி விலக நினைத்தால் ஒரு முழுக் கல்வியாண்டு முன்னரே சொல்ல வேண்டும். நிர்வாகம் மாறினாலும் அது கட்டுப்படுத்த வேண்டும். விலகும்போது மேசை, பாய், விளையாட்டுச் சாமான்கள் யாருக்கு என்று எழுதி வையுங்கள். எங்களைக் கேட்டால் எல்லாம் குடியிருப்புக்கே. பிள்ளைகளின் படத்தைப் பள்ளியின் விளம்பரத்தில் போடக் கூடாது என்பதும் ஒரு வரி. பிறந்தநாள் கொண்டாட வரும் பெரிய பள்ளி மாணவர்கள் இனிப்புக் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டு போவதையும் நிறுத்த வேண்டும். மூன்று வயதுப் பிள்ளைக்கு நன்றி சொல்லப் பயிற்சி கொடுப்பது கல்வி அல்ல. பெரிய மாணவர் வருவதானால் இருவர் மட்டும், ஒரு பருவம் முழுக்க அதே இருவர், வாரம் ஒரு மணி நேரம், கதை வாசிக்க.

கட்டையும் களிமண்ணும்

பட்டியல் கொடுத்தால் பெரிய பள்ளி தன் பழைய பிளாஸ்டிக் சாமான்களை அனுப்பும். பாதி உடைந்திருக்கும். உடைந்த துண்டு மூச்சுக்குழாயில் சிக்கும், 3.2 சென்டிமீட்டர் குறுக்களவும் 5.7 சென்டிமீட்டர் நீளமும் உள்ள குழாய்க்குள் முழுக்க அடங்கும் எதுவும் அறைக்குள் வேண்டாம். அந்தப் பணத்தில் மரக்கட்டை செய்துகொள்ளுங்கள். நியூயார்க்கில் 1914-இல் பள்ளி தொடங்கிய கரோலின் பிராட் வடிவமைத்த அலகுக் கட்டைகளில் கனம், அகலம், நீளம் 1:2:4 என்ற விகிதத்தில் இருக்கும். 3.5 சென்டிமீட்டர் கனம், 7 அகலம், 14 நீளம் என்று எடுத்தால் இரட்டைக் கட்டை 28, நாலுமடங்குக் கட்டை 56, அரைக்கட்டை 7. இருபது பிள்ளைக்கு 300 துண்டு போதும்: ஒற்றை 120, இரட்டை 80, அரை 50, நாலுமடங்கு 20, முக்கோணமும் உருளையும் 30.

குடியிருப்பில் தச்சர் இருந்தால் அவரிடமே கூலி கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள். இலவசமாகக் கேட்காதீர்கள். மரம் நன்றாக உலர்ந்திருக்க வேண்டும், ஈரமரம் இரண்டு மாதத்தில் முறுக்கிக்கொள்ளும். ஒவ்வொரு துண்டையும் தனியாக அளந்து வெட்டினால் பிழை கூடும், நீளத்துக்கு ஒரு அச்சு வைத்து வெட்ட வேண்டும். இரண்டு அரையைச் சேர்த்து ஒற்றையின் பக்கத்தில் வைத்தால் விரலால் தடவும்போது படி தெரியக் கூடாது. ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் எட்டாவது அடுக்கில் கோபுரம் சாயும், பிள்ளை தன் கையைத்தான் குறைசொல்லிக்கொள்ளும். 120 எண் உப்புத்தாள், பிறகு 220, விளிம்பை லேசாக மழுக்குதல். சாயம் தேவையில்லை. தன் அப்பா செய்த கட்டை என்று ஒரு பிள்ளை தெரிந்துகொண்டால் அந்த அலமாரிக்கு வேறு காவல் வேண்டாம்.

மாவு பிசைந்து உருவம் செய்யும் விளையாட்டு பல மழலையர் பாடத்திட்டங்களில் இருக்கும். மாவை அளந்து வாங்கும் வீடுகளின் பிள்ளைகள் முன்னால் ஒரு படி மாவில் உப்பைக் கொட்டிப் பிசைந்து மாலையில் எறிவது தகாது. களிமண் எடுங்கள். கல் சலித்து, ஊறவைத்து, ஈரத்துணி போட்டு மூடிய வாளியில் வைத்தால் மாதக்கணக்கில் வரும்.

ஆசிரியர், வீடு, அடுத்த வகுப்பு

உதவியாளர் இருவரும் குடியிருப்பைச் சேர்ந்தவர்களாக இருப்பது நல்லது. பிள்ளையின் வீட்டுமொழி, அழுகையின் காரணம், அம்மாவின் வேலை எல்லாம் அவர்களுக்குத் தெரியும். ஆனால் அவர்களை ஆயா வேலையோடு நிறுத்திவிடக் கூடாது. வாரம் மூன்று மணி நேரம் சம்பளத்தோடு பயிற்சி, இரண்டு ஆண்டில் ஆசிரியர் தகுதி, அதற்கான சம்பள உயர்வு எல்லாம் முதல் நாளே தாளில் இருக்கட்டும்.

மழலைக் கல்வியின் பயனைப் பேசும் எல்லோரும் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து இப்சிலாண்டியில் 1962-இல் டேவிட் வைகார்ட் தொடங்கிய பெர்ரி பள்ளி ஆய்வைச் சொல்வார்கள். 123 பிள்ளைகள், அவர்களில் 58 பேருக்குப் பள்ளி, நாற்பது வயதுக்கு மேலும் தொடர்ந்த கணக்கெடுப்பு. பயன் பெரிதாகத்தான் இருந்தது. அங்கே ஏறக்குறைய ஆறு பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் இருந்தார், ஆசிரியர் வாரந்தோறும் ஒன்றரை மணி நேரம் வீட்டுக்குப் போனார். முடிவை எடுத்துக்கொண்டு இந்த இரண்டையும் விட்டுவிடுகிறார்கள். வாரம் ஒருமுறை முடியாவிட்டால் மாதம் ஒருமுறையாவது ஆசிரியர் ஒவ்வொரு வீட்டுக்கும் போகட்டும், வேலை நேரத்துக்குள், சம்பளத்தோடு. இருபது வீட்டுக்கு மாதம் இருபது மணி நேரம். பிள்ளைகள் தூங்கும் ஒன்றரை மணி நேரத்தில் வாரம் மூன்று நான்கு நாள் போனால் முடிந்துவிடும், பகலில் ஆள் இல்லாத வீடுகளுக்கு மட்டும் மாலை வேண்டும்.

சேர்க்கையின்போது இருபது பேரையும் ஒரே நாளில் வாங்கினால் இருபதும் சேர்ந்து அழும், ஒன்று நின்றால் இன்னொன்று தொடங்கும். வாரம் ஐந்து பேராக நான்கு வாரத்தில் சேருங்கள். முதல் நாள் வீட்டாள் கூடவே ஒரு மணி நேரம், இரண்டாம் நாள் இரண்டு மணி நேரம், மூன்றாம் நாள் அவர் வாசலுக்கு வெளியே. தாய் மூன்று நாள் கூலியை இழக்க முடியாது, பாட்டியோ தாத்தாவோ பக்கத்து வீட்டுக்காரரோ வரலாம். யாரும் இல்லையென்றால் முந்தின வாரத்து மாலைகளில் அம்மாவோடு வந்து பாயையும் கட்டையையும் பார்த்துப் பழகட்டும்.

கடைசி ஆண்டு பிறந்ததும் பெற்றோர் கேட்பது ஒன்றுதான்: அடுத்து எங்கே? பெரிய பள்ளியில் இடம் உண்டா, இல்லையா, எத்தனை பேருக்கு, எந்தக் கட்டணத்தில், எத்தனை ஆண்டுவரை என்பதைச் சேர்க்கும் நாளிலேயே சொல்லியிருக்க வேண்டும். இருபதில் நால்வரைத் தேர்வு வைத்து எடுப்பது மட்டும் வேண்டாம், நாலு வயதில் தோற்ற பதினாறு பேரை அது உண்டாக்கும். எல்லோருக்கும் இடம், அல்லது குலுக்கல். இடமே இல்லையென்றால் பிள்ளைகள் போகவிருக்கும் பள்ளியின் முதல் வகுப்பு ஆசிரியரை மூன்று மாதம் முன்பே அழைத்து வந்து பாயில் உட்காரவைத்து அறிமுகம் செய்யுங்கள். பிள்ளை பற்றிய கோப்பு, அதாவது வரைந்த படங்கள், தடுப்பூசிக் குறிப்பு, எதில் கை தேர்ந்தது, எதற்குப் பயப்படும் என்ற ஒரு பக்கம், எல்லாவற்றையும் அம்மாவின் கையில் கொடுங்கள். அந்தப் பக்கத்தை அவர் வீட்டில் பேசும் மொழியில் எழுதுங்கள்.